சீர் யார் கொண்டு வருவது?

அந்த ஜோக்குக்கு முதன்முதலில் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தவள் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அமுதவல்லியைத் திட்டும்போது, இவள் மட்டும் என்ன யோக்கியமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

என் பெயர் மருதாயி. புதுக்கோட்டையில் 'சிவசாமி சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதிய குட்டியானை வண்டியைப் பார்த்திருப்பீர்கள். சிவசாமி என் அப்பா. அவர் போன பிறகு அண்ணன்கள் இருவரும் அந்தத் தொழிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், பட்டிமன்றம் என்று இருபது வருடமாக மற்றவர்கள் பேசுவதற்குச் சத்தத்தை வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பொம்பளை மைக் செட் போடுவதா என்று ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தார்கள். என் மைக் ஒருநாளும் கூவாது என்று தெரிந்ததும் அவர்களே போன் போட்டார்கள்.

அமுதவல்லி ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். விடுமுறை நாட்களில் பட்டிமன்றப் பேச்சாளர். திருக்கோகர்ணத்தில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் இருவரும் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறோம். யாராவது கேட்டால் அவள் "தோழி" என்பாள். நான் எதுவும் சொல்ல மாட்டேன், வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பேன். உங்களிடம் சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை. அவள் என் பெண்டாட்டி, நான் அவள் பெண்டாட்டி.

விழா முடிந்ததும் அவளுக்குப் பேச்சாளருக்கு உரிய மரியாதையோடு ஆட்டோ வரும். அவள் அதில் ஏறி முன்னால் போய்விடுவாள். நான் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துப் போவேன். பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் என் வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. மழை கொட்டிய நாளிலும் இல்லை. அது நாங்கள் பேசி வைத்துக்கொண்டது. அதாவது அவள் பேசினாள், நான் வைத்துக்கொண்டேன்.

ஜோக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்வதைச் சட்டமாக்குவது எங்கள் வேலை இல்லை, நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் தில்லியில் தீர்ப்புச் சொன்னதே, அதற்குச் சில மாதம் கழித்து அறந்தாங்கியில் ஒரு பட்டிமன்றம். 'தன்பாலினத் திருமணம்: உரிமையா, ஒழுங்கீனமா?' நடுவர் பேராசிரியர் நாராயணன். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை ஜிப்பா, எதற்கும் ஒரு சிரிப்பு. பட்டிமன்றத்தில் யார் எந்த அணி என்பதைப் பேசுகிறவர் முடிவு செய்வதில்லை, நடுவர்தான் முடிவு செய்வார். முந்தின நாளே இரண்டு அணியும் குறிப்பை மாற்றிக்கொள்ளும். தீர்ப்பு நடுவரின் சட்டைப் பையில் மடித்துத் தயாராக இருக்கும். மேடையில் சண்டை போட்டவர்கள் ஒரே காரில் ஊருக்குத் திரும்புவார்கள். நாராயணன் அமுதாவை 'ஒழுங்கீனமே' அணியில் போட்டார். "குடும்பம்னு சொன்னா அமுதவல்லிம்மாவ விட்டா யாரு இருக்கா?" என்றார்.

அன்றைக்கு அவள் மேடையில் கேட்டாள்:

"ஏங்க, ரெண்டு வீடுமே பொண்ணு வீடுன்னா, சீரு யாருங்க கொண்டாருவா?"

கூட்டம் சிரித்து உருண்டது. கடைசிச் சொல்லுக்கு என் விரல் தானாகக் குமிழை ஒரு சுற்று ஏற்றிக் கொடுத்தது. நல்ல வரி வரும்போது ஏற்றிக் கொடுப்பது எங்கள் தொழில் பழக்கம். அந்த வீடியோவை எவனோ போனில் ஏற்றிவிட, லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அதன்பின் அவளுக்கு அதே தலைப்பில் ஒன்பது மேடை. அவள் "சீரு" என்று தொடங்கினாலே கூட்டம் மிச்சத்தைச் சொல்லி முடித்தது. நானும் ஒன்பது மேடையிலும் மைக் போட்டேன். வீட்டுக்கு வந்து அவளுக்குத் தொண்டைக்குப் பால் காய்ச்சியும் கொடுத்தேன்.

ஒன்பதாவது மேடை கீரனூரில். என் மேசை எப்போதும் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும். எனக்கு இரண்டு வரிசை முன்னால் இரண்டு பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள். ஒருத்தி கை இன்னொருத்தி கைக்குள் இருந்தது, துப்பட்டாவுக்குக் கீழே. அமுதா சீர் என்று ஆரம்பித்தாள். ஊரே சேர்ந்து கத்தியது. அந்தப் பிள்ளை கையை உருவிக்கொண்டாள். உருவிக்கொண்டு, அவளும் சிரித்தாள், மற்றவர்கள் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சத்தம் என் பெட்டியிலிருந்து வந்த சத்தம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"இன்னும் எத்தன மேடைக்கு இத சொல்லுவ?"

"பேசுறது நான் இல்ல மருதா. அணி."

"அப்ப அணியோடயே குடித்தனம் நடத்து. எனக்கு எதுக்கு சோறு வடிக்கிற?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நாற்காலியை இழுத்துப் போட்டு, வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்குகிற குரலில் சொன்னாள்.

"நல்லா யோசிச்சுப் பாரு. இத திட்டிப் பேசுறவள யாரு சந்தேகப்படுவா? நான் அங்கிட்டு நின்னு பேசுறதாலதான் நம்மள இங்கிட்டு யாரும் பாக்கல. நம்ம வீட்டுக்கு அதுதான் காவல்."

நான் அந்தப் பெண் கையை உருவிக்கொண்டதைச் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவ ஆரம்பித்தாள்.

அடுத்த மாதமே திருக்கோகர்ணத்தில், எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி உள்ள கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம். உள்ளூர்த் தமிழ் மன்றம் ஏற்பாடு. தலைவர் ஆதப்பன். திருமயம் பக்கத்து ஆள், டவுனில் பாத்திரக் கடை, கோயிலுக்கும் பள்ளிக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறவர். தலைப்பு அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி, ஒரு மணிக்குச் சாப்பாடு. அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"மருதாயி, ஹாலு ஏசி. கதவச் சாத்திருவாங்க. எடம் பத்தாது. வெளில ரோட்டப் பாத்து நாலு பெட்டி, பந்தியில ரெண்டு பெட்டி கட்டிரு. ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேக்கணும். ஊரே கேக்கணும், ஆமா."

"கட்டிர்றேங்க" என்றேன்.

அன்று காலை நான் நாலு சேலையையும் இரண்டு சட்டையையும் ஒரு பையில் திணித்து வண்டியின் முன் சீட்டில் வைத்தேன். குடுமியான்மலைக்குப் பக்கத்தில் என் சின்ன அண்ணன் வீடு இருக்கிறது. அமுதா பட்டுச் சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று சொன்னேன்.

"இன்னிக்கு அந்த ஜோக்கு என் மைக்குல வந்துச்சுன்னா, செட்ட அவுத்துட்டு அப்பிடியே அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். மெரட்டல, சொல்றேன்."

"நம்ம தெருவுல வச்சு, நான் வேற என்ன பேச முடியும்?" என்றாள். சேலைக் குத்தூசி அவள் வாயில் இருந்தது. அதை எடுக்காமலேதான் பேசினாள்.

நான் படி இறங்கினேன்.

ஹால் நிறைந்துவிட்டது. இடம் கிடைக்காதவர்கள் வெளியே பந்தலில் உட்கார்ந்தார்கள். பந்தி அறையில் இலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சமையல் கூட்டத்துக்குத் தலைவி சின்னப்பிள்ளை அக்கா வந்து, "மருதாயி, எனக்கு இங்கிட்டு நல்லாக் கேக்குற மாதிரி வையி. நம்ம டீச்சரு அந்தச் சீரு ஜோக்கு சொல்லும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைத் திருப்பி வைத்தேன்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற என் மிக்சரில் அன்றைக்கு மூன்று குமிழ்தான் முக்கியம். ஒன்று ஹாலுக்கு. ஒன்று மேடைக்கு, பேசுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்கு அவர் காலடியில் இருக்கும் சின்னப் பெட்டி. மூன்றாவது வெளியே உள்ள ஆறு பெட்டிக்கு. மேடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலடிப் பெட்டியில் தன் குரல் கேட்டால்தான் மைக் உயிரோடு இருப்பதாக நம்புவார்கள். அது நின்றுவிட்டால் மைக் செத்துவிட்டது என்று சத்தியமே செய்வார்கள். இருபது வருடத்தில் எத்தனை பெரிய பேச்சாளர்கள், மைக் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொந்தக் கதையை ஊருக்கே கேட்கும்படி பேசியிருக்கிறார்கள் தெரியுமா? நான்தான் ஓடிப்போய்ச் சாடை காட்டுவேன்.

'உரிமையே' அணிக்குக் கடைசியாகப் பேசியவர் பெலிக்ஸ், கல்லூரி விரிவுரையாளர். நன்றாகத்தான் பேசினார். கல்யாணம் மட்டும்தான் குடும்பம் என்று இல்லை, சேர்ந்து வாழத் தேர்ந்துகொண்டவர்களும் குடும்பம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார். பத்துப் பேர் கைதட்டினார்கள். தோற்கப்போகிறவருக்குத் தட்டுகிற தட்டு. அவருக்கும் அது தெரியும், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நாராயணன் ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "இப்ப வாராங்க நம்ம ஊருப் பொண்ணு" என்றார். ஹாலில் விசில் பறந்தது.

அமுதா மைக் முன்னால் நின்றாள். வணக்கம் சொன்னாள். வழக்கமான ஆரம்பம், வழக்கமான அம்மி, அருந்ததி, ஆயிரம் காலத்துப் பயிர். நான் குமிழிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏற்றிக் கொடுக்கவும் மாட்டேன், இறக்கவும் மாட்டேன். அவள் என்ன சொல்கிறாளோ அது அப்படியே போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு வீடுமே பொண்ணு வீடுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான், பதினொரு வருடம் முடிந்தது என்று நினைத்தேன். ஹால் மொத்தமும் ஒரே குரலில், "சீரு யாருங்க கொண்டாருவா!" என்று கத்திச் சிரித்தது.

அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். ஹாலின் கடைசியில், கதவை ஒட்டி இருந்த என் மேசையைப் பார்த்தாள்.

"பத்து மேடையில இத கேட்டுட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல. எனக்குப் பதில் தெரியும். இன்னிக்குச் சொல்லிர்றேன்."

கூட்டம் இன்னொரு ஜோக்குக்குத் தயாரானது.

"பதினோரு வருசத்துக்கு முன்னாடி, வைகாசி மாசம், இதே திருக்கோகர்ணத்துல ஒரு மாடி வீட்டு வாசல்ல ஒரு குட்டியான வண்டி வந்து நின்னுச்சு. ரெண்டு ஆம்ப்ளிபயரு, எட்டுப் பெட்டி, நாலு சாக்கு வயரு, ஒரு கிரைண்டரு. அது அவ கொண்டாந்த சீரு."

சிரித்தார்கள். இன்னும் புரியவில்லை.

"நான் கொண்டாந்தது ஒரு பீரோ. துணி பாதி, புஸ்தகம் பாதி. மாடிப்படி குறுகலு. தாய்மாமன் வரல, தட்டுத் தூக்க ஒறமொற வரல, மேளம் வரல. பீரோவ நாங்க ரெண்டு பேருந்தான் தூக்குனோம். அவ கீழ, நான் மேல..."

சிரிப்பு நடுவில் எங்கோ அறுந்தது. முன் வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கண்ணில் நீர் கட்டிவிட்டது, மிக்சரின் சிவப்பு விளக்கெல்லாம் ஒன்றாகக் குழம்பித் தெரிந்தது.

ஆதப்பன் முன் வரிசையிலிருந்து எழுந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு விரைந்து வந்தார்.

"ஆப் பண்ணு. ஏய், ஒன்னத்தான். மைக்க ஆப் பண்ணு!"

நான் ஹால் குமிழை இறக்கினேன். மேடைக் குமிழை இறக்கினேன். மூன்றாவதைத் தொடவில்லை. கை மறந்துவிட்டது, பதற்றத்தில் விட்டுவிட்டது என்றெல்லாம் நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். தெரிந்தேதான் விட்டேன். அவர்தானே ஊரே கேட்க வேண்டும் என்றார்.

ஆனால் மேடையில் நின்றவளுக்கு அது தெரியாது. காலடிப் பெட்டி சட்டென்று அடங்கியதும் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். உலகம் முழுவதும் ஆப் பண்ணட்டும், நீயுமா என்ற பார்வை. சாடை காட்டலாம் என்றால் ஆதப்பன் என் தோளுக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். நான் ஹெட்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டேன்.

நாராயணன் எழுந்து அவள் அருகில், மைக்குக்கு நேராக வந்து நின்றார். முன் வரிசைக்கும் கேட்காத குரலில் பேசினார். என் காதில் தெளிவாக விழுந்தது.

"என்னம்மா இது, மானத்த வாங்குறீங்க. மைக்க ஆப் பண்ணியாச்சு. வந்து ஒக்காருங்க. தலவலின்னு சொல்லி நான் சமாளிச்சுக்கிறேன்."

"நான் உள்ளதத்தாங்க சொன்னேன்."

"உள்ளது எங்களுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். எனக்குத் தெரியும், ஆதப்பனுக்குத் தெரியும், ஒங்க ஸ்கூல்ல தெரியும், வீட்டு ஓனருக்குத் தெரியும். பத்து வருசமாத் தெரியும். யாராச்சும் ஒரு வார்த்த கேட்டமா? கௌரவமா விட்டு வச்சிருந்தம்ல?"

அவள் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா என்னைய இந்த அணியில போட்டீங்க?"

"தெரிஞ்சதாலதான் போட்டேன். பயந்துக்கிட்டுப் பேசுறவங்க மாதிரி அழுத்தமா யாரும் பேச முடியாதும்மா. ஒங்களுக்கும் பேரு கெடச்சுச்சு, எங்களுக்கும் கூட்டம் கெடச்சுச்சு. இப்ப எதுக்கு அதக் கெடுத்துக்கிறீங்க?"

ஓடிப்போய் அந்த ஜிப்பாவைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. அமுதா சிரித்தாள். பதினொரு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. காவல் காவல் என்று அவள் கட்டிக் காத்தது ஒன்றுமே இல்லை என்று அந்த நிமிடம் அவளுக்கு விளங்கிவிட்டது.

"எல்லாருக்கும் தெரியும்னா, நான் இத்தன வருசம் யாருக்குங்க ஒளிச்சேன்?" என்றாள்.

அவர் வாயைத் திறக்கும் முன் என் பின்னால் கதவு திறந்தது. முதலில் சின்னப்பிள்ளை அக்கா, கையில் சாம்பார்க் கரண்டியோடு. அவருக்குப் பின்னால் பரிமாறுகிற பெண்கள், பந்தலில் இருந்தவர்கள், ஆட்டோ ஸ்டாண்டு முத்துராஜ், இன்னும் பெயர் தெரியாத பத்து இருபது பேர்.

"யாருய்யா அது, கதவச் சாத்துங்க!" என்றார் நாராயணன்.

"கதவச் சாத்துங்க!" என்று தெருவிலிருந்து நாலு பெட்டியும் சேர்ந்து சொன்னது.

அவர் மைக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, பூராவும் கேட்டுச்சுங்க. பந்தியிலயும் கேட்டுச்சு, ரோட்டுலயும் கேட்டுச்சு" என்றார் சின்னப்பிள்ளை அக்கா. அவர் யாருக்கும் ஆதரவாக வந்தவர் இல்லை. அவருடைய கவலை வேறு. மேடையைப் பார்த்துக் கரண்டியை நீட்டிக் கேட்டார். "டீச்சரு, அந்தப் பீரோ மாடி ஏறுச்சா இல்லையா? பாதியில நிப்பாட்டிட்டீங்க."

ஹாலில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். யாரோ "அசிங்கம், அசிங்கம்" என்று சொல்லிக்கொண்டு குடும்பத்தோடு எழுந்து போனார்கள். நான் ஹால் குமிழையும் மேடைக் குமிழையும் ஒன்றாக ஏற்றினேன். காலடிப் பெட்டி உறுமி எழுந்தது. அமுதா குனிந்து அதைப் பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இத்தனை நேரமும் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

"ஏறுச்சுங்க" என்றாள். "ரெண்டாவது படியில ஒரு காலு ஒடஞ்சுருச்சு. இன்னிக்கும் செங்கல்ல முட்டுக் குடுத்துத்தான் நிக்கிது. ஆனா நிக்கிது."

ஆதப்பன் மேடைக்கு ஓடி நடுவர் மேசையில் இருந்த மணியை எடுத்து அடித்தார். விடாமல் அடித்தார். அமுதா அவர் அடித்து ஓயும்வரை காத்திருந்தாள்.

"பன்னெண்டு நிமிசம் குடுத்தீங்க. எட்டுத்தான் ஆச்சு. எனக்கு இன்னும் நாலு நிமிசம் இருக்கு."

"எறங்கும்மா கீழ!"

"நாலு நிமிசம் கழிச்சு எறங்குறேங்க."

அவர் அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கத்தினார். "மருதாயி! இனிமே இந்த ஊர்ல ஒரு மேடைக்கும் ஒன்னையக் கூப்பிட மாட்டோம், பாத்துக்க!"

என் மேசையில் அறிவிப்புக்கென்று ஒரு மைக் உண்டு. இருபது வருடத்தில் "செக், செக்", "கார் நம்பர் இன்னதை எடுக்கவும்" என்பதைத் தவிர அதில் நான் எதுவும் சொன்னதில்லை. அதை எடுத்தேன்.

"கூப்புடாதீங்க. செட்டு என்னோடது, கரண்டு போனா ஜெனரேட்டரும் என்னோடது. அவ பேசி முடிச்சதும் அவுத்துட்டுப் போறேன்."

என் குரல் தெருவில் போய் மோதித் திரும்பியது எனக்கே கேட்டது. அமுதா மைக்கை நெருங்கி நின்றாள். பிறகு பேசினாள். அம்மி இல்லை, அருந்ததி இல்லை. குறிப்புத் தாளை மடித்துக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"சீரச் சொல்லிக் கேலி பண்ணி நான் பேசுன கூட்டத்துல எத்தன பேரு என்னைய மாதிரி ஒக்காந்து, பயந்து சிரிச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. கீரனூர்ல ரெண்டு புள்ளைங்க இருந்துச்சாம். அதுல ஒருத்தி என் பேச்சக் கேட்டுத் தன் கைய உருவிக்கிட்டாளாம். அந்தப் புள்ளைகிட்ட நான் மன்னிப்புக் கேக்குறேன். இந்தச் சத்தம் அங்க வரைக்கும் போகாது. யாராச்சும் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தா, அந்த ஜோக்க அனுப்புன மாதிரி இதயும் அனுப்புங்க."

உடனே ஏழெட்டு போன்கள் உயர்ந்தன.

"சட்டம் வரட்டும்னு சொல்றாங்க. வரட்டும். நாடாளுமன்றத்துல பேசட்டும், கோர்ட்டுல பேசட்டும், நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட அவளுக்கு உரிம வேணும், எனக்கு அது வேணும், கேட்டுக்கிட்டே இருப்பேன். ஆனா அது வர்ற வரைக்கும் ஒளிஞ்சு இருப்போம்னு நாங்க யாருக்கும் எழுதிக் குடுக்கல. ஒளிஞ்சுக்க எடமும் இல்லன்னு நடுவரு ஐயாவே இப்பச் சொல்லிட்டாரு. எல்லாருக்கும் தெரியுமாமே. தெரிஞ்சுக்கிட்டே சிரிச்சீங்களா? தெரிஞ்சுக்கிட்டே கைதட்டுனீங்களா? அப்ப ஒழுங்கீனம் எங்க வீட்டுல இல்லைங்க."

நிறுத்தினாள். நடுவர் பக்கம் திரும்பினாள்.

"என் அணி என்ன அணின்னு எழுதிக் குடுத்தது நடுவரு. அந்த அணியிலருந்து நான் எறங்கிட்டேன். நன்றி, வணக்கம்."

முதலில் பெலிக்ஸ்தான் தட்டினார், எழுந்து நின்று தட்டினார். பரிமாறுகிற பெண்களில் சிலர் தட்டினார்கள். பாதி ஹால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், பெரிய கைதட்டல் ஒன்றும் இல்லை. சீர் ஜோக்குக்குக் கிடைத்ததில் கால்வாசிகூட இருக்காது. ஆனால் இந்தச் சத்தத்தை நான் ஏற்றிக் கொடுக்கவில்லை.

நாராயணன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்துக்கொண்டார். "தீர்ப்பு சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார். சாப்பாட்டுக்கு அப்புறம் அவரையும் காணவில்லை, தீர்ப்பையும் காணவில்லை. அமுதாவுக்கு வர வேண்டிய ஆட்டோவும் வரவில்லை.

நான் வெளியே பெட்டிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, தரையில் கிடந்த வயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். முழங்கையில் போட்டு, கோழிக் குடல் மாதிரி, தப்புத் தப்பாகச் சுருட்டினாள். வேறு யாராவது என் வயரை அப்படிச் சுருட்டினால் அறைந்திருப்பேன்.

"என்னைய ஆப் பண்ணிட்டன்னு நெனச்சேன்" என்றாள்.

"நெனப்ப. ஒனக்கு எப்பவுமே காலடிப் பெட்டிதான் ஒலகம்."

அவள் போன் அடித்தது. பள்ளித் தாளாளர். நாளைக் காலையில் வந்து பார்க்கச் சொன்னார். "வாரேன் சார்" என்று வைத்தாள். வேலை போனாலும் போகும், வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்வார்கள். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் இருந்த பயம் இது இல்லை.

பெட்டிகளை ஏற்றி முடித்தேன். அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து முன் கதவைத் திறந்தாள். சீட்டில் என் பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"இத எங்கிட்டு வைக்க?"

"மடியில வச்சுக்கிட்டு ஏறு" என்றேன்.

ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குச் சந்து வழி ஒன்று இருக்கிறது, யாரும் பார்க்காமல் போய்விடலாம். நான் ஆட்டோ ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போகிற பெரிய தெருவில் வண்டியைத் திருப்பினேன். முத்துராஜும் மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைவாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். நான் எட்டி அவள் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, இரண்டாவது கியரிலேயே ஓட்டினேன்.